மஞ்சள் தொப்பிக் குரங்கு அருகியே கிடைக்கும்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் தொலைபேசியில் நீ பேசி முடித்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். அதற்குள் நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் தொகுத்த கையேடு அச்சாகிவிட்டது. பழைய பொம்மை சேகரிப்போர் சங்கம் வெளியிட்ட சின்னப் புத்தகம். ஒவ்வொரு தகரப் பொம்மைக்கும் இரண்டு வரி: எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்கட்டும் என்று எழுதியது. வாழ்நாள் முழுவதும் அச்சகத்தில் உட்கார்ந்து பிறர் எழுத்தில் பிழை திருத்தியவன், முதல்முறையாக என் எழுத்தை நானே திருத்தினேன். பிரதி ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன். படித்தே ஆக வேண்டும் என்றில்லை.

இன்னொரு விஷயம். இங்கே மூடிக்கிடந்த திரையரங்கில் ஞாயிறுதோறும் பொம்மைச் சந்தை நடக்கிறது. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள்; சரிவான தரையில் விரிப்பு போட்டு விற்கிறார்கள். அங்கே மஞ்சள் தொப்பிக் குரங்கைப் பார்த்தேன். சாவி கொடுத்தால் குட்டிக்கரணம் போடுமே, அதேதான். போன வருடம் ஒரு தேநீர் விலைக்குப் போனது. இப்போது ஒரு சைக்கிள் விலை சொல்கிறார்கள்! கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குனிந்து பார்த்தேன். "பெரியவரே, மூச்சு படுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் கடைக்காரர். தள்ளி நின்றேன். ஏன் இந்த விலை என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அண்ணன்


ஜனவரி 17

அண்ணா,

புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. கடைசிப் பக்கத்தில், விலைக்குக் கீழே, கொசு முட்டை அளவில் போட்டிருக்கிறாய். உன்னைத் திருத்தவே முடியாது.

உனக்குத்தான் ஏன் என்று தெரியவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பட்டன் கடைக்காரர் உன் புத்தகத்தைக் கல்லாவில் வைத்திருக்கிறார். "உங்க அண்ணனா எழுதினது? உங்க அண்ணனா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டார். அந்தக் குரங்கு ஒன்று என் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. துடைத்து ஜன்னலில் வைத்தேன். அன்றைக்கே ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு மாதம் சேலைகளுக்கு ஓரம் அடித்தால் வரும் காசு! இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், அண்ணா.

காரணமாகத்தான் சொல்கிறேன். கட்டட உரிமையாளர் என் கடையை விற்கப் போகிறாராம். "முதல் உரிமை உங்களுக்குத்தாம்மா. மார்ச் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னைத் தாங்கி நிறுத்தியது இந்தப் பத்தடித் தையல் கடைதான் என்று உனக்குத் தெரியும். சேர்த்து வைத்த பணம் பாதி விலைக்குத்தான் வரும். மீதிப் பாதியைக் குரங்கு கொடுக்கும் என்று நினைக்கிறேன். சிரிக்காதே.

வாலு


ஜனவரி 30

அன்புள்ள வாலுவுக்கு,

சிரிக்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன்.

ஞாயிறன்று சந்தையில் ஏலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். விலை ஏற ஏறச் சத்தமும் ஏறும் என்று எண்ணியிருந்தேன். நேர்மாறாக இருந்தது. தொடக்கத்தில் பேச்சு, இருமல், சிரிப்பு எல்லாம் இருந்தன. ஏறத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியில் அந்தப் பெரிய கூடத்தில் ஏலக்காரரின் குரலும் மின்விசிறியின் கிறீச்சும் மட்டுமே மிஞ்சின. விலை ஒரு வீட்டின் மாத வாடகையைத் தாண்டியது. முகங்கள் எல்லாம் மேலே பார்த்திருந்தன, வால்நட்சத்திரம் பார்க்கிறவர்களைப் போல. மேசை மேல் உள்ளங்கை அளவுத் தகரக் குரங்கு ஒன்று, தன்னைச் சுற்றி நடப்பது எதுவும் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா வியப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எந்தப் பொருளும் திடீரென்று இவ்வளவு ஏறினால் இறங்கவும் கூடும் அல்லவா? நான் வியாபாரம் அறியாதவன். தவறாகவும் இருக்கலாம். உன் விருப்பம்போல் செய். ஆனால் முழுப் பணத்தையும் போடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்குமானால், சொல்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

"உரிமை இருக்குமானால்"! நீ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டால்கூட "தங்களுக்கு நேரம் இருக்குமானால்" என்றுதான் ஆரம்பிப்பாய்.

போட்டுவிட்டேன். முழுவதையும். கட்டிங் டேபிள் மேல் துணி வெட்ட இடமில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மஞ்சள் தொப்பிதான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அத்தனை பல்லும் வெயிலில் மின்னுகிறது. ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா கைகூப்பாத குறையாக நின்றுவிட்டார்.

உன் வரியை இங்கே பேனரிலேயே அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்: "மஞ்சள் தொப்பிக் குரங்கு அருகியே கிடைக்கும்." எனக்கு முதலில் புரியவில்லை. பட்டன் கடைக்காரர்தான் விளக்கினார். "அருகியேன்னா அரிதா, ரொம்பக் கம்மியா கிடைக்கும்னு அர்த்தம்மா. சும்மா ஆளா எழுதியிருக்கார்? ஒரு சொல் கூட்டிக் குறைச்சு எழுத மாட்டார்." எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றுதான் வேடிக்கை. அரிது அரிது என்கிறாய், எனக்கோ கூடை கூடையாகக் கிடைக்கிறது! பேப்பர்காரர் ஐந்து கொண்டுவந்தார், சலவைக்காரர் எட்டு. என் ராசி அப்படி போலிருக்கிறது.

வாலு


பிப்ரவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அச்சாகி வந்ததிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. என் எழுத்தை அச்சில் பார்க்க எனக்கு எப்போதும் கூச்சம்.

நீ மேற்கோள் காட்டியபடியேதான் இருக்கிறது. ஆனால் நான் எழுத நினைத்தது அது அல்ல. "அருகிலேயே கிடைக்கும்" என்பதுதான் வரி. பக்கத்துக் கடையில், பக்கத்து வீட்டுப் பரணில் கிடைக்கும். தேடி அலைய வேண்டாம், அதிக விலை தர வேண்டாம். அதுதான் பொருள். ஒரு "லே" விழுந்துவிட்டது. விழுந்த பின்னும் சொல் ஒழுங்காகவே நிற்கிறது, நேர் எதிர்ப் பொருளோடு. பொருளற்ற சொல்லாக ஆகியிருந்தால் என் கண் பிடித்திருக்கும். இலக்கணம் சரியாக இருந்ததால் கடந்து போய்விட்டேன். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன், மூன்று முறையும்.

ஒரே ஓர் எழுத்து. அதன் மேல் இத்தனை பேர் ஏறி நிற்கிறார்கள். நீயும் நிற்கிறாய்.

வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சந்தையில் திருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். உனக்கு முதலில் சொல்கிறேன். முதலில் சொல்வதே சரியா என்றும் தெரியவில்லை. நீ முந்திக்கொண்டு விற்றால், வாங்குகிறவர் உன் இடத்தில் நிற்பார். நீ விற்காவிட்டால் உன் கடை போகும். எந்தப் பக்கம் திருத்தினாலும் ஒருவர் தலையில் விழுகிறது.

அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணா,

எழுத்துத் தமிழில் எனக்குத் திட்ட வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், திருத்திப் படிச்சுக்கோ.

ஊர்ல இருக்கிறவன் எழுதினதுக்கெல்லாம் சிவப்பு மையில கோடு போட்டியே, உன் சொந்த வரியில கோட்டை விட்டுட்டியா? வேற எவனாவது எழுதியிருந்தா "அட, அச்சுப்பிழை"ன்னு சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. நீ எழுதினதாலதான் நம்பினாங்க. நானும் அதனாலதான் நம்பினேன்.

வாயைத் திறக்காதே. மார்ச் வரைக்கும், ஒரே ஒரு மாசம். பொறந்ததுலேருந்து வாயைத் திறக்காத மனுஷன்தானே நீ? உன் கல்யாணப் பேச்சு நடந்தப்பவே திறக்கலை. இப்ப மட்டும் என்ன திடீர்னு? இந்த லே விழுந்தது உனக்கும் எனக்கும் தவிர ஈ காக்காவுக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒரு அம்மா மொத்தக் குரங்கையும் வாங்கிக்க வர்றாங்க. பணத்தோட வர்றாங்க. அதுக்கு முன்னால நீ பேசினே, உனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நெனச்சுக்கோ.

(கையெழுத்து இல்லை)


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

பேசிவிட்டேன். இந்த வரியோடு கடிதத்தை நீ கிழிக்கலாம். கிழிக்காவிட்டால் மீதியையும் படி. நடந்தது நான் கனவிலும் எண்ணாதது.

ஏலம் தொடங்கும் முன் சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டு ஒலிபெருக்கி முன் நின்றேன். தாள் நடுங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. திருத்தத்தைப் படித்தேன். பிறகு பின்வரிசையில் ஒருவர்:

"பெரியவர் என்ன சொல்றார்?"

"குரங்கு பக்கத்துலயே கிடைக்குமாம்."

"எங்க, அவர் வீட்டுலயா?"

கூடமே சிரித்தது. இன்னொருவர் எழுந்து, "விலையை இறக்கிட்டு மொத்தமா வாங்கப் பாக்குறார். விடாதீங்க!" என்றார். அவ்வளவுதான், கைகள் உயர்ந்தன. "இல்லை, ஐயா, உண்மையாகவே ஒரு எழுத்துதான்" என்று நான் மறுபடி தொடங்கினேன். செயலாளர் என் தோளைத் தொட்டு, "ஐயா, உட்காருங்க. நீங்க பேசப் பேச ஏறுது" என்றார் காதோடு.

உட்கார்ந்தேன். ஒரு குரங்கு ஒரு தையல் இயந்திரத்தின் விலைக்குப் போனது. உண்மையைச் சொன்னேன், வாலு. அதையும் விலையில் சேர்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது ஓர் இளைஞர் கையேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். பேனாவைத் திறந்ததும் என் பழக்கம் முந்திக்கொண்டது. அந்த வரியில் "லே" சேர்க்கப் போனேன். அவர் புத்தகத்தைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, திருத்திடாதீங்க! லே இல்லாத பிரதிக்குத்தான் இப்ப மதிப்பு!"

வீடு வரை நடந்தே வந்தேன். கடலைப் பார்த்து, கொஞ்சம் தள்ளிப்போ என்று சொல்லிவிட்டு வந்தவனைப் போல இருந்தது.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

கிழிக்கவில்லை. ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது, புதுக் காரணத்தோடு.

அந்த அம்மா வந்தார். மாணவிகள் விடுதியில் சமையல் வேலை. பணி ஓய்வுப் பணம் முழுவதையும் மஞ்சள் பையில் போட்டு, பையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் குரங்குகளைப் பழைய துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி மூட்டை கட்டி வைத்திருந்தேன். பணத்தை எடுத்து டேபிளில் வைத்தார். நான் கையை நீட்டினேன். அப்போது என் வாய் தானாகத் திறந்து, "அக்கா, இந்தப் புத்தகத்துல ஒரு லே விட்டுப்போச்சு" என்றது!

உன்னால்தான். உன் கடிதங்களைப் படித்துப் படித்து உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. முழுக் கதையையும் சொன்னேன். அவர் நம்பினாரா? "விக்க மனசில்லைன்னா நேரா சொல்லேன். எதுக்கு லே, ளேன்னு கதை சொல்றே? இன்னும் கொஞ்சம் சேத்துத் தர்றேன், குடு" என்றார். சேர்த்து வைத்தார். கடை முழுதாக என் கைக்கு வந்துவிடும் பணம், அண்ணா. என் டேபிள் மேல். என் கைக்கு எட்டும் தூரத்தில்.

"வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, நேராகப் பட்டன் கடைக்குப் போய் அவர் வாங்கிச் சேர்த்திருந்த குரங்குகளை மொத்தமாக வாங்கிக்கொண்டார்.

ஆக, அந்த அம்மாவும் தப்பவில்லை, எனக்கும் கடை இல்லை. உன் திருத்தத்தால் யாருக்கு என்ன லாபம் என்று உட்கார்ந்து யோசி.

வாலு


மார்ச் 17

அன்புள்ள வாலுவுக்கு,

யோசித்தேன். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒலிபெருக்கி முன் நின்றபோது எனக்கு இழக்க எதுவும் இல்லை. உனக்கு இருந்தது. எனக்கு முன்னால் அப்படிப் பணம் கிடந்திருந்தால் என் வாய் திறந்திருக்குமா? தெரியவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போனால் உள்ளே நுழைய முடியவில்லை. விலையைக் கேள்விப்பட்டு ஊரே பரணில் ஏறியிருக்கிறது. தலையணை உறையில், குடத்தில், குழந்தைத் தள்ளுவண்டியில், காய்கறிக் கூடையில் மஞ்சள் தொப்பிக் குரங்குகளாகக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் நடந்தே வந்தவர்கள். பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு. சரிவான தரையில் மேலிருந்து கீழ்வரை மஞ்சள். சூரியகாந்தி வயலுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தேன்.

ஏலக்காரர் முதல் குரங்கைத் தூக்கிக் காட்டினார். கை எழவில்லை. விலையைப் பாதியாக்கினார். பாதியில் பாதி. பிறகு ஒரு தேநீர் விலை. யாரும் அசையவில்லை. எல்லோரும் ஒருவர் கூடையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். கையிலிருந்த குரங்கை என்ன செய்வதென்று தெரியாதவர் போலத் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவி கொடுத்துத் தரையில் விட்டார். அது கரணம் போட்டது. மறுபடி போட்டது. சரிவு ஆதலால் நிற்கவில்லை. போட்டுக்கொண்டே கீழே போனது. யாரோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதற்குச் சாவி கொடுத்தார். அப்புறம் இன்னொருவர்.

எத்தனை என்று எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்றே தோன்றவில்லை. கூடம் முழுவதும் கரகரவென்ற ஓசை, தகர ஓட்டில் ஆலங்கட்டி விழுவதுபோல. நூற்றுக்கணக்கான குரங்குகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, வெள்ளைத் திரையை நோக்கிக் கரணம் போட்டுப் போயின. பணம் போட்டவர்களும் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். அழுதுகொண்டே பார்த்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய ஒன்றை என் வாழ்வில் நான் பார்த்ததில்லை.

உன் குரங்குகளுக்கும் இனி விலை இல்லை. மன்னிப்புக் கேட்க முகமில்லை.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

இங்கும் அதே கதைதான். பட்டன் கடை ஷட்டர் இறங்கி நான்கு நாளாகிறது. சமையற்கார அம்மா மூட்டையோடு வந்து அதன்முன் நின்றார். ரொம்ப நேரம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் மிஷினிலிருந்து எழுந்துவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ சொன்னியே" என்றார். அவ்வளவுதான். நான் ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன், உட்கார்ந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது, பட்டன்காரர் ஊருக்கு வந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்க நானும் கூட வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு அந்தப் பணத்தை நான் எடுத்திருந்தால், ஷட்டரை இறக்கிவிட்டு ஓடியது நானாக இருந்திருக்கும். அதனால் உன்னைத் திட்டுவதைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

கடை போய்விட்டது. புது ஆள் மாதக் கடைசியில் சாவி வாங்கிக்கொள்கிறார். மிஷின் லாரியில் ஏறிவிடும். கட்டிங் டேபிள்தான் தொல்லை. கால்களைக் கழற்ற முடியாது, ஒரே கட்டையில் அடித்தது. அதை விற்க மனம் வரவில்லை. அகலமும் உயரமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் வீட்டு வாசலில் நுழையுமா என்று அளந்து எழுது. நுழையாவிட்டால் நானும் வரவில்லை. டேபிள் இல்லாமல் அங்கே வந்து என்ன செய்வது, உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?

வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலுவுக்கு,

அளந்தேன். நேராக, படுக்கையாக, சாய்த்து எனப் பலவாறு அளந்தேன். நுழையாது. இரண்டு விரற்கடை குறைகிறது.

"வருந்துகிறேன், நுழையாது" என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டேன். அஞ்சல் பெட்டி வரை போனேன். கை மட்டும் உள்ளே போகவில்லை. திரும்பி வரும் வழியில் தச்சரை அழைத்து வந்தேன். "நல்ல கதவு ஐயா, நிலையும் நல்லா இருக்கு. எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டார். "தங்கை வருகிறாள்" என்றேன். "யானை மேலயா வர்றாங்க?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். எனக்கு நகைச்சுவை வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நேற்று மாலையிலிருந்து வீட்டுக்குக் கதவு இல்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்க்கிறேன். எதிர்வீட்டில் ஒரு நாய் இருப்பதே இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிந்தது. இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் கூடத்தின் பின்சுவர் வரை வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்து, அது எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேபிளை அந்த வெளிச்சத்தில்தான் போட வேண்டும். சீக்கிரம் கொண்டு வா.

அண்ணன்